அப்பா மறைத்த வீக்கம்

என் அப்பா இருமல் வரும்போதெல்லாம் வலது கையைத் தொடை இடுக்கில் வைத்து அழுத்திக்கொள்வார். தும்மினாலும் அப்படித்தான். சிரிப்பு அதிகமானாலும் கை அங்கே போய்விடும். பிள்ளைகள் நாங்கள் அதை அவருடைய பழக்கம் என்றே நினைத்து வளர்ந்தோம்.

மதுரை கீழமாசி வீதியில் அவர் லோடுமேன். தலையில் சும்மாடு, கையில் கொக்கி, மடித்துக் கட்டிய கைலி. லாரிகளில் வந்து இறங்கும் பருப்பு, சீனி, மல்லி மூட்டைகளைக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய் அடுக்குவது வேலை. 1980களில் மூட்டை என்றால் 100 கிலோ. இரண்டு பேர் தூக்கி முதுகில் ஏற்றிவிட, பலகைச் சாய்வில் ஏறி அடுக்கிவிட்டு அடுத்த மூட்டைக்கு ஓடி வருவார்கள். மூட்டைக் கணக்கில்தான் கூலி.

ஒருநாள் துவைக்க எடுத்த துணிகளுக்குள் ஒரு தடித்த பட்டை அம்மாவின் கையில் சிக்கியது. நடுவில் உருண்டையாக ஒரு மெத்தைத் துண்டு தைத்திருந்தது. “இது என்னங்க?” என்று கேட்டார். “இடுப்பு வலிக்குப் போடுறது, வையி அங்கிட்டு” என்று அப்பா வாங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டார். அது இடுப்பு வலிக்கானதல்ல. வயிற்றிலிருந்து தொடை இடுக்கு வழியாக இறங்கும் குடலை வெளியே வரவிடாமல் அமுக்கி வைக்கும் ஹெர்னியா பெல்ட். கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாமல் அவர் அதைப் பல வருடங்களாகக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கியிருக்கிறார்.

ஏன் மறைத்தார் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. ‘குடல் இறங்கின ஆளு’ என்று மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டால் பெரிய லோடுக்குக் கூப்பிட மாட்டார். சின்ன லோடில் சின்னக் கூலிதான். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். எங்கள் பக்கத்தில் விதைப்பையில் நீர் கோத்து வீங்குகிற ஓதத்தையும் குடலிறக்கத்தையும் ஒன்றாகவே பார்ப்பார்கள். டீக்கடை பெஞ்சில் அப்படி வீக்கம் உள்ளவரைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குத் தாம் ஆளாகக் கூடாது என்று உயிரையே பணயம் வைத்திருந்தார்.

தீபாவளிக்கு முந்திய வாரம். லாரிகள் வரிசையாக நிற்கும் காலம். அப்பா சாயங்காலமே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அவர் அப்படி வந்து நாங்கள் பார்த்ததில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வாந்தி தொடங்கியது. முதலில் சாப்பிட்டது, பிறகு பச்சையாகப் பித்தம். வயிறு உப்பிக்கொண்டே போனது. அப்போதுதான் அம்மாவிடம் சொன்னார்: “வழக்கமா படுத்தா உள்ளே போயிரும். இன்னிக்குப் போகமாட்டேங்குது.”

பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இரவுப் பணி டாக்டர் போர்வையை விலக்கி ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தார். கேள்விகளும் கொஞ்சம்தான். “எப்ப இருந்து உள்ளே போகாம நிக்குது? காத்து பிரிஞ்சுதா? வெளிக்குப் போனீங்களா?” எதற்கும் நல்ல பதில் இல்லை. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், குடல் உயிரோடு இருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். அம்மா கைநாட்டு வைத்தார். விடியும்போது சொன்னார்கள்: சிறுகுடலில் ஒரு துண்டு கறுத்துப் போயிருந்தது, வெட்டி எடுத்து மீதியைச் சேர்த்துத் தைத்திருக்கிறோம், ஆள் பிழைத்துவிட்டார்.

மறுநாள் வார்டில் இருந்த பயிற்சி டாக்டர் ஒருவர் எனக்கு அதை விளக்கினார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார். ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டார். கருவில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விதைகள் விதைப்பையில் இருப்பதில்லை, வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. ஏழாம் மாத வாக்கில் அங்கிருந்து இறங்கி, அடிவயிற்றுச் சுவரில் சாய்வாக ஓடும் ஒரு குறுகிய பாதை வழியாக விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. வளர்ந்த ஆணுக்கு அந்தப் பாதை 4 செ.மீ. நீளம்தான். விதை இறங்கும்போது வயிற்றின் உள்சவ்வும் ஒரு பையாக அதோடு இறங்குகிறது. விதை போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடுவதில்லை. வலது விதை சற்றுத் தாமதமாக இறங்குவதால் வலப்பக்கத்தில்தான் இது அதிகம். திறந்தே இருக்கும் அந்த வழியில் பிறந்த உடனேயும் குடல் இறங்கலாம், நாற்பது வருடம் கழித்தும் இறங்கலாம். இன்னொரு வகையும் உண்டு. வயதாகி அந்தப் பாதையின் பின்சுவர் தளர்ந்துபோய், அங்கிருந்தே நேராகப் பிதுங்குவது. விடாத இருமல், பீடி சிகரெட், மலச்சிக்கலில் முக்குவது, புராஸ்டேட் வீங்கியவர்கள் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவது எல்லாம் அந்தச் சுவரை மேலும் தளர்த்தும்.

“அப்ப மூட்டை தூக்குனதால வரலையா சார்?” என்று கேட்டேன்.

“மூட்டை மேல மட்டும் பழியைப் போட முடியாது தம்பி. வழி ஏற்கனவே இருந்திருக்கு” என்றார்.

குடல் ஏன் கறுத்தது என்பதற்கு, லோடுமேன் மகனுக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் சொன்னார். மூட்டையின் வாயைச் சணல் கயிற்றால் சுருக்கிக் கட்டுகிறோம் அல்லவா, அதுபோலக் குடல் இறங்கிய வாசல் அதன் கழுத்தைச் சுருக்கிப் பிடித்துவிடுகிறது. முதலில் ரத்தம் திரும்பிப் போக முடியாமல் குடல் வீங்குகிறது. வீங்க வீங்கச் சுருக்கு இறுகுகிறது. கடைசியில் உள்ளே வரும் ரத்தமும் நிற்கிறது. அதன் பிறகு நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

அப்பா வார்டில் கிடந்தபோது அவரோடு வேலை பார்த்தவர்கள் சாயங்காலத்தில் ஆரஞ்சும் பன்னும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். கட்டிலைச் சுற்றி நின்று நலம் விசாரித்துவிட்டுக் கிளம்புவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மட்டும் எதையோ மறந்து வைத்தவரைப் போலத் திரும்பி வருவார். அப்பாவின் காதருகே குனிந்து, “அண்ணே, எனக்கும் இருக்கு, எதுல ஆரம்பிச்சுது உங்களுக்கு?” என்று கேட்பார். மறுநாள் வேறொருவர். அதற்கடுத்த நாள் இன்னொருவர். ஒரே தெருவில், ஒரே லாரியில் ஏறி இறங்கியவர்கள், ஒரே குழாயடியில் குளித்தவர்கள். ஒருவர் மறைத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அவர்களில் சிலர் அந்த மாதமே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்த ஒருவர் மட்டும் பொங்கல் கழியட்டும் என்று சொல்லிப் போனார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே இறந்தார். வயிற்று வலி, வாந்தி என்று உள்ளூரில் இரண்டு நாள் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மூத்த பெண்ணுக்கு என் வயது.

அப்பா அதற்குப் பிறகு மூட்டை தூக்கவில்லை. கடைக்காரர் லோடு கணக்கு எழுதும் வேலை கொடுத்தார். கூலி பாதியானது. வீட்டில் கஷ்டம்தான். ஆனால் அப்பா இருந்தார். என் கல்யாணத்தையும் பேரப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, எழுபது தாண்டி வேறு நோயில்தான் போனார்.

சுண்ணாம்புக்கட்டியைவிடக் கனமானது எதையும் தூக்கிப் பிழைக்காதவன் நான். அரசுப் பள்ளி ஆசிரியர். நாற்பதுகளின் கடைசியில், குளிக்கும்போது வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. படுத்தால் காணாமல் போனது, நின்று இருமினால் வந்தது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்பதை அப்போது அறிந்துகொண்டேன். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற கோளாறு இது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்கு மேல் இதற்காக அறுவை செய்துகொள்கிறார்கள். இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஊரே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது.

நான் பார்த்த அறுவை நிபுணர் பொறுமையானவர். நிற்கச் சொன்னார், இருமச் சொன்னார், விரலால் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. பெரும்பாலும் கையே போதும் என்றார். மாத்திரையிலோ எண்ணெயிலோ தைலத்திலோ இது சரியாகாது, பெல்ட் அமுக்கி வைக்குமே தவிர அடைக்காது, ஓட்டையை அடைக்க ஒரே வழி அறுவைதான் என்றார். உடனே செய்ய வேண்டுமா என்று கேட்டேன். அவர் மறைக்காமல் பேசினார். வலியோ தொந்தரவோ பெரிதாக இல்லாத ஆண்கள் 720 பேரை வட அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை செய்து, மறுபாதியைக் கண்காணிப்பில் மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் முடிவு வந்தது. காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரத்துக்கு உள்ளானவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெரும்பாலும் வலி கூடியதால் அறுவைக்கு வந்துவிட்டிருந்தார்கள். “காத்திருக்கலாம் சார், டாக்டர் கண் பார்வையில காத்திருக்கணும். உங்க அப்பா காத்திருந்தது மாதிரி இல்ல” என்றார்.

பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பதையும் சொன்னார். பெண்களுக்கு இது குறைவாகவே வரும். வந்தால், தொடைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயின் பக்கத்தில், இடுக்குக்குச் சற்றுக் கீழே இறங்கும் வகையாக இருக்க ஆண்களைவிட வாய்ப்பு அதிகம். அந்த வாசல் குறுகலானது, சீக்கிரம் நெரிக்கும். என் அத்தை ஒருவர் தனக்கு வந்ததை நெறிக்கட்டி என்றே கடைசி வரை நம்பி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அறுவைக்கு நாள் குறித்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்போதுதான் எதுவார்தோ பாசினி அறிமுகமானார். இத்தாலிக்காரர். மருத்துவம் படித்து முடித்த கையோடு, இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் பக்கம் சேர்ந்து சண்டைக்குப் போனவர். 1867இல் ரோமுக்கு அருகே வில்லா க்ளோரி என்ற இடத்தில் எதிரியின் துப்பாக்கிக் கத்தி அவருடைய வலது தொடை இடுக்கில் பாய்ந்தது. குடல் வரை காயம். அந்தப் புண் வழியாக மலம் கசிய, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து பிழைத்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் பதுவா நகரத்தில் அறுவைப் பேராசிரியராகி, அதே தொடை இடுக்கின் அமைப்பை அடுக்கு அடுக்காகப் படித்து, குடலிறக்கத்துக்கு முதல் நம்பகமான அறுவையை வகுத்தார். அவருக்கு முன்னால் பெரும்பாலும் வெளிவாசலை மட்டும் தைத்து மூடினார்கள், மறுபடி இறங்கியது. பாசினி உள்ளே போய்த் தளர்ந்த பின்சுவரையே தசைகளைக் கொண்டு திரும்பக் கட்டினார். 1884இல் செய்யத் தொடங்கி, 1887இல் தன் நாட்டு அறுவை மருத்துவர்கள் முன் எடுத்துரைத்தார். தன் உடம்பில் பட்ட இடத்திலேயே பிறருக்கு மருந்து கண்டுபிடித்த அந்த மனிதரை நினைத்து அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு அந்த இரவில் போட்டது பாசினி வழிவந்த தையலாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இங்கே பெரும்பாலும் அதுதான் நடப்பில் இருந்தது.

கனடாவில் ஷௌல்டைஸ் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போரின்போது குடலிறக்கத்தால் படையில் சேர்க்கப்படாத இளைஞர்களுக்குப் பணம் வாங்காமல் அறுவை செய்து, அந்த அனுபவத்தில் 1945இல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். சுவரை நான்கு அடுக்காகத் தைப்பதும் நோயாளியைச் சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பதும் அவர் வழி. ஆனால் எந்தத் தையலிலும் ஒரு சிக்கல் உண்டு. விலகி நிற்கும் தசைகளை இழுத்துக் கட்டும்போது அந்த இழுப்பே வலியாகிறது, நாளடைவில் பிரியவும் செய்கிறது. அதற்குத்தான் வலை வந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் அஷர் செயற்கை இழை வலையைக் கொண்டுவந்தார். 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் லிச்சன்ஸ்டைன் எதையும் இழுத்துக் கட்டாமல் வலையைப் பரப்பித் தைத்தாலே போதும் என்று காட்டினார். உடம்பின் திசு வலைக் கண்களுக்குள் வளர்ந்து சுவராகிவிடுகிறது.

வலையின் விலைதான் ஏழைக்குத் தடை. இந்த இடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நான் மரியாதையோடு சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் அறுவை மருத்துவராக இருந்த ரவீந்திரநாத் டோண்காவ்கர், கடையில் வாங்கும் கொசுவலைத் துணியைத் துண்டாக்கி, முறைப்படி கிருமி நீக்கி, கிராமத்து ஏழைகளின் குடலிறக்கத்தை அதைக் கொண்டு சரிசெய்தார். கம்பெனி வலை ஆயிரக்கணக்கில் விற்றபோது இது சில ரூபாயில் முடிந்தது. பின்னர் உகாண்டாவில் 302 பேரிடம் கொசுவலையையும் விலை உயர்ந்த வலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2016இல் வந்த முடிவு, ஓராண்டுக்குள் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. ஒரு சிற்றூர் டாக்டரின் அக்கறை ஆப்பிரிக்காவின் லோடுமேன்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் அறுவையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியும் இருந்தது. இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கும், ஒருமுறை திறந்து செய்து மறுபடி வந்தவர்களுக்கும் அது மிக ஏற்றது, ஆனால் முழு மயக்கம் வேண்டும். எனக்கு ஒரு பக்கம்தான் என்பதால் திறந்து செய்வதையே தேர்ந்தேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. சாயங்காலம் நர்ஸம்மா எழுப்பி நடக்க வைத்தார்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். முதல் இரவில் சிறுநீர் பிரியக் கொஞ்சம் சிரமமாகலாம். மூன்றாம் நாள் விதைப்பையும் சுற்றுப்புறமும் நீலமும் கறுப்புமாகக் கன்றிப் போகலாம். பார்த்தால் பயம் வரும், தானாகவே வடிந்துவிடும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டால் வலி குறையும். வாழைப்பழமும் கீரையும் நிறையத் தண்ணீரும் வேண்டும், முக்கிப் போகக் கூடாது. சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலியோ மரமரப்போ தங்கலாம், அங்கே ஓடும் மெல்லிய நரம்புகள்தான் காரணம். தங்கினால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எனக்கு வெட்டுத் தழும்பின் கீழே ஒரு சின்ன இடம் இன்னும் மரத்தாற்போல இருக்கிறது. மற்றபடி நான் நலம்.

என் தங்கை மகளுக்கு மாதம் நிறையாமல் பிறந்த ஆண் குழந்தைக்கும் அழும்போது இடுக்கில் புடைத்தது. தொப்புள் புடைப்புபோலத் தானாகச் சுருங்கிவிடும், காசு வைத்துக் கட்டு என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். தொப்புளில் வருவது பெரும்பாலும் வளர வளர மூடிக்கொள்ளும். அதற்கும் காசு வேண்டியதில்லை. இடுக்கில் வருவது மூடாது, குழந்தைக்கு நெரிபடும் ஆபத்தும் அதிகம். அதனால் நாள் கடத்தாமல் அறுவை செய்தோம். குழந்தைக்கு வலை தேவையில்லை, திறந்திருக்கும் பையின் கழுத்தைக் கட்டிவிட்டால் போதும். அவன் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான்.

கீழமாசி வீதியில் இன்றும் லோடு இறங்குகிறது. மூட்டை இப்போது 50 கிலோ, ஆட்கள் புதியவர்கள், வெட்கம் மட்டும் பழையது. அந்தத் தெருவிலும் மற்ற எந்தத் தெருவிலும் தொடை இடுக்கில் ஒரு புடைப்பை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவருக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வாரம் ஒருநாள் காலை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கும் பணம் இல்லை, அறுவைக்கும் பணம் இல்லை. புடைப்பு இறுகி, வலித்து, உள்ளே போகாமல் நின்று, வாந்தியும் வந்தால் அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள்.